சுவரில் இரண்டு தட்டு

"செவுத்துக்கு அந்தாண்ட ஆளு இருக்குதா இல்லியான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லால் பாஷா முனிலட்சுமியிடம் கேட்டது அது. அவளுக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். யாராவது கேள்வி கேட்டால் கண் தரைக்குப் போய்விடும், நாக்கு உள்ளேயே நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்போடு அவள் நின்றுகொண்டபோது டீச்சர்கள் யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

லால் பாஷா சிரித்துவிட்டு வெளியே போனார். அவள் அந்தக் குளிரூட்டிய அறையில் தனியாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் சத்தம் கேட்டது. முதல் தட்டு கெட்டியாக, இரண்டாவது மெதுவாக. அந்தப் பக்கம் பேட்டரி ஷெட். கையிலிருந்த இரும்பு ஸ்கேலால் அவளும் இரண்டு தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் மங்கலாக வந்தது. பதில் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

இப்போது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் லால் பாஷா இல்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடத்துத் தை மாதம். ஓசூர்ப் பனி சிப்காட் சாலையில் புகை போல நின்றது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகும் கம்பெனி பஸ்கள் மஞ்சள் விளக்கோடு ஊர்ந்தன. முனிலட்சுமி ஆசிட் தெறித்தால் தாங்கட்டும் என்று ஸ்வெட்டரின் மேல் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இருந்தாள். டீசல் பேரலில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினாள். டீசல் நாக்கைத் தொட்டதும் குழாயை வாளிக்கு மாற்றித் துப்பினாள். அந்தக் கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் வாயை விட்டுப் போகாது. வாளியை இடுப்பில் ஏந்திப்போய் ஜெனரேட்டரில் ஊற்றினாள். பிறகு பேட்டரிகள். இரும்பு அலமாரியில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாள். முனைகளில் உப்பு பூத்ததுபோல வெள்ளையாகப் பிடித்திருந்ததை வெந்நீர் விட்டுத் துலக்கினாள். ஆசிட் தெறித்துத் தெறித்து அவளுடைய பாவாடை சல்லடையாகியிருந்தது. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அழுகின முட்டை நாற்றம் தேங்கி நின்றது.

இத்தனை பாடும் சுவருக்கு அந்தப் பக்கம் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்காக. கோவிந்தப்பனின் கம்பெனி எதையும் உருக்கவில்லை, கடையவில்லை. உருக்குகிற, கடைகிற கம்பெனிகளின் கடிதங்களைக் கம்பியில் கொண்டுபோய்க் கொடுத்தது. இன்றைக்கு எத்தனை பிரேக் ஷூ வேண்டும், எந்த லாரி எப்போது கிளம்பும், எந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரைக்கும் உள்ள கம்பெனிகள் இ-மெயிலில் பேசிக்கொண்டன. அந்த மெயில்களை வாங்கி வைத்துப் பிரித்துக் கொடுக்கிற சர்வர்தான் அந்தக் கம்ப்யூட்டர். அதற்கு ஒரு ஜோடி உண்டு. ஜோடி எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், அத்திப்பள்ளியில் இருந்தது. இரண்டும் வேலையைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு டெலிபோன் கம்பி. அதன் வழியே ஒன்றையொன்று ஓயாமல் 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று கேட்டபடி இருக்கும். பதில் வராவிட்டால் மற்றது முழுப் பாரத்தையும் தானே தூக்கிக்கொள்ளும். கடிதம் எழுதுகிறவனுக்கு எதுவுமே தெரியாது.

இதை முனிலட்சுமிக்கு விளக்கியவரும் லால் பாஷாதான். "பாத்தியா, மெசினுக்கே ஒரு தொண வேணும்னு எவனோ யோசிச்சிருக்கான். மனுசன் நாம என்ன கொறஞ்சு போயிட்டோம்? நான் ஷெட்டுல, நீ மெசின் ரூம்ல. நான் தட்டுவேன், நீ தட்டணும். தட்டலன்னா ஓடியாந்துடணும். என்னா?"

அப்படித்தான் நடந்துவந்தது. கோவிந்தப்பன் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்க்கிற வரைக்கும்.

"ரெண்டு மெசின் எதுக்கும்மா வாங்கிப் போட்டேன்? ஒண்ணு படுத்தா ஒண்ணு எழும்பும். அப்புறம் விடியக்காலைல ரெண்டு ஆளு எதுக்கு?" என்றார். முனிலட்சுமியைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார். மெஷின் ரூமைப் பூட்டச் சொன்னார். டீசல் திருட்டுப் போகிறது என்று ஷெட்டின் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளும் பூட்டும் போட்டார். உள்ளே வேலை நடக்கும்போதும் வாட்ச்மேன் வெளியிலிருந்து பூட்டிவிட வேண்டும்; வேலை முடிந்தால் திறக்க வேண்டும்.

ஒரு விடியற்காலை, லால் பாஷா முனையை முறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பேட்டரி வெடித்தது. ஆசிட் முகத்தில் அடித்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் கேட்டில் இருந்த வாட்ச்மேன் கங்கப்பனுக்கு எதுவும் கேட்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. லால் பாஷா ஸ்பேனரை எடுத்துச் சுவரைத் தட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் யாருமில்லை.

முனிலட்சுமி பகல் ஷிப்டுக்கு வந்தபோது உடம்பை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். சுவரை மட்டும் பார்த்தாள். நெஞ்சு உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஜோடி ஜோடியாகக் குழிகள். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம். அதற்கும் கீழே. கடைசி ஜோடி தரையை ஒட்டி இருந்தது. அங்கேயும் இரண்டு. முதல் குழி ஆழமாக, இரண்டாவது மேலோட்டமாக.

அன்றைக்கு ஒரு மெயில்கூட நிற்கவில்லை. அத்திப்பள்ளி மெஷின் அத்தனையும் தூக்கிக்கொண்டது. கோவிந்தப்பன் கம்பெனிக்காரர்களிடம் போனில் அதைப் பெருமையாகச் சொல்வதை முனிலட்சுமி கேட்டாள். அடுத்த வாரம் சுவருக்குச் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தார்கள். ஆனால் ஆசிட் காற்று சுண்ணாம்பைத் தின்னும். மாதம் திரும்புவதற்குள் அந்தக் குழிகள் தோலுக்கடியில் காயம் தெரிவதுபோல மறுபடியும் மேலே வந்துவிட்டன.

அதோடு தட்டுச் சத்தமும் வந்தது. விடியற்காலைப் பொறுப்பு இப்போது முனிலட்சுமி ஒருத்திக்குத்தான். ஷெட் வேலையை முடித்துக் கங்கப்பனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி, மெஷின் ரூமுக்குப் போய், மெயில்களை நகலெடுத்து வைக்கிற டேப்பை மாற்றும்போது சுவரில் கேட்கும். கெட்டியாக ஒன்று, மெதுவாக ஒன்று. ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஷெட் பூட்டியிருக்கும்.

"கூரை ஷீட்டுங்க. குளிர்ல சுருங்கி விரியும்," என்றான் இன்ஜினியர் ஜமீர் அகமது. அவனும் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

கூரை கெட்டியாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று தட்டுமா என்று முனிலட்சுமி கேட்கவில்லை. வீட்டில் படுத்திருக்கும்போதும் காதைச் சுவர் பக்கமே வைத்துக் கிடந்தாள்.

*

லால் பாஷாவின் மனைவி சுக்ராவை அந்த வேலைக்கே கூட்டிவந்தார் கோவிந்தப்பன். "அவுரு பண்ண வேலைய நீ பண்ணு. கம்பெனி உன்னைக் கைவிடாது," என்றார். முனிலட்சுமியிடம், "இந்தம்மாவுக்கு வேலையக் கத்துக் குடு. கத்துக்கிட்டதும் நீ பழையபடி பகல் ஷிப்டு," என்றார்.

அப்படியென்றால் சுக்கராக்கா தனியாக. அதே ஷெட்டில். வெளியே பூட்டு. முனிலட்சுமிக்கு அது மட்டும்தான் காதில் நின்றது.

சுக்ரா கறுப்புத் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். அதிகம் பேசாதவள். அன்று முனிலட்சுமி சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேட்டரிகளைக் காட்டிக் கொடுத்துவிட்டு டேப் மாற்ற மெஷின் ரூமுக்கு வந்தாள். ஸ்கேலைக் கையில் எடுக்கவில்லை. சர்வரின் விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்.

அப்போது சுவரில் கேட்டது. கெட்டியாக ஒன்று. மெதுவாக ஒன்று.

முனிலட்சுமி டேப்பைக் கீழே வைத்தாள். மறுபடியும் கேட்டது. அவள் வெளியே ஓடி, கங்கப்பன் கையிலிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கதவைத் திறந்தாள். சுக்ரா ஸ்பேனரோடு சுவரோரம் நின்றிருந்தாள்.

"உங்களுக்கு யாருக்கா சொல்லிக் குடுத்தாங்க?"

"எதை?"

"இந்தத் தட்டை."

சுக்ரா ஸ்பேனரைப் பார்த்தாள். "யாரும் சொல்லல. ஊட்ல குளிக்கிற ரூம்லருந்து சோப்பு வேணும்னா இப்படித்தான் தட்டுவாரு. துண்டு வேணும்னா இப்படித்தான். வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, பெரிய தொரை." சிரிக்கப் பார்த்தாள். பிறகு சுவரில் கை வைத்தாள். வெள்ளைக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்த குழிகளின் மேல் விரல் இறங்கிக்கொண்டே போனது. குந்தினாள். தரையை ஒட்டிய கடைசி ஜோடியில் கை நின்றது.

"கடைசி வரைக்கும் ரெண்டு தட்டித்தான் இருக்காரு," என்றாள்.

அன்றிலிருந்து முனிலட்சுமி ஒரு தந்திரம் செய்தாள். வேலையைச் சொல்லிக் கொடுப்பதை இழுத்தாள். ஒரு நாள் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மறுநாளும் டிஸ்டில்டு வாட்டர். சுக்ராவுக்கு இரண்டாம் நாளே எல்லாம் கைவந்துவிட்டது. ஆனாலும் கோவிந்தப்பன் வரும்போதெல்லாம் வாளியைக் கோணலாகப் பிடித்து டீசலைக் கொட்டுவாள்.

"கத்துக்கிட்டாளா?"

"இன்னும் இல்ல சார்," என்பாள் முனிலட்சுமி தரையைப் பார்த்து.

"என்னம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி வேலை. இதுக்கு இத்தனை நாளா?"

"மாடுன்னா கத்தும் சார்," என்றாள் சுக்ரா. "பேட்டரி கத்தாது. வெடிக்கத்தான் வெடிக்கும்."

கோவிந்தப்பன் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ஜமீரை அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். ஜமீர் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "நல்லாத் தெரிஞ்சிருக்கு சார்," என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமையிலிருந்து சுக்ரா தனியாக என்று உத்தரவு வந்தது.

முனிலட்சுமி வாழ்க்கையில் முதல் முறையாகக் கோவிந்தப்பனின் கேபின் கதவைத் தானாகத் தட்டினாள். சுக்ரா பக்கத்தில் நின்றாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி கங்கப்பன் வாசலில் நின்றார்.

"சார், ஷெட்டுல ஒருத்தர் இருந்தா மெசின் ரூம்ல ஒருத்தர் இருக்கணும். வெளித் தாழ்ப்பாளை எடுத்துடணும்," என்றாள் முனிலட்சுமி. சொல்லி முடிக்கும்போது குரல் காற்றாகிவிட்டது.

"கூலி ஏத்தணும்னு கேளு, யோசிக்கலாம். இது என்ன கோரிக்கை?"

"கூலி கேக்கலிங்க சார்," என்றாள் சுக்ரா. "மெசினுக்கு ஜோடி போட்டு வெச்சிருக்கீங்க. அதுக்குக் கேள்வி கேக்க ஆளு இருக்குது. எங்களுக்கு செவுரு மட்டும்தான் இருக்குது."

கோவிந்தப்பன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை. நிதானமாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும். "அத்திப்பள்ளில கெம்பம்மா ஒத்தையாத்தான் பண்றா. ஒரு வார்த்தை பேசல. சந்தோசமா ஒத்துக்கிட்டா. உங்களுக்குத்தான் பேய் பயம். வேலைய நிறுத்திப் பாக்கணுமா? பாருங்க. இங்க கரண்ட் போனா அங்க எழும்பும். நீங்க இருந்தாலும் மெயில் போகும், இல்லாட்டியும் போகும். நான் அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன்."

வெளியே வந்ததும் கங்கப்பன் சொன்னார்: "அவுரு சொல்றது நெசம். அதான் பயமா இருக்குது."

*

கெம்பம்மாவை முனிலட்சுமி பார்த்ததே இல்லை. குரல் மட்டும் தெரியும். முன்பெல்லாம் காலையில் அத்திப்பள்ளிக்குப் போன் போட்டு, "லைன் ஓகேவாக்கா?" என்பாள். "ஓகே கணம்மா, ஊட்ட ஆய்த்தா?" என்று அந்தப் பக்கம் கேட்கும். சாப்பிட்டாயா என்று விசாரிப்பது. லால் பாஷா போனதும் அந்தப் போனையும் பிடுங்கிவிட்டார்கள். எல்லை தாண்டினால் எஸ்.டி.டி. செலவாம்.

ஞாயிற்றுக்கிழமை முனிலட்சுமியும் சுக்ராவும் பஸ் ஏறினார்கள். செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் நீளத்துக்கு நின்றன. அதைத் தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மாறியது, புழுதி மாறவில்லை. விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது கெம்பம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஆசிட் பட்ட வெள்ளைத் தழும்புகள். முனிலட்சுமி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதே இடங்கள்.

"லைன் ஓகேவாக்கா?" என்றாள் முனிலட்சுமி.

முறம் நின்றது. "அய்யோ, நீனா? இத்தினி சின்னப் பொண்ணா? குரலு கேட்டு நான் பெரிய மனுசின்னு நெனச்சேனே." கெம்பம்மாவின் தமிழ் கன்னடத்தின் மேல் நடந்து வந்தது. பாய் விரித்தாள். மோர் கொடுத்தாள். "உங்க மேல எனக்குக் கோபா. நீங்க ஒத்தையாப் பண்றதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்லித்தானே எங்க பாப்பம்மாவப் பகலுக்கு மாத்தினாரு. ஓசூர்க்காரங்க சரின்னுட்டாங்க, நீ மட்டும் ஏன்னு கேட்டாரு. எங்க ஷெட்டுக்கு வெளிய பூட்டும் போட்டாரு."

"எங்ககிட்ட உங்களச் சொன்னாருக்கா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோழி ஒன்று முறத்தில் ஏறி ராகியைக் கொத்தியது. யாரும் விரட்டவில்லை.

"அந்தப் போனு இருந்திருந்தா..." என்றாள் கெம்பம்மா. பிறகு கேட்டாள்: "உங்க லால் பாஷா பாயி எப்படி இருக்காரு? துபாய்லருந்து காகிதம் போடறாரா?"

"துபாயா?"

"ஹௌது. துபாய்க்குப் போயிட்டாருன்னு சார் சொன்னாரு."

"நான் அவரு பொண்டாட்டி," என்றாள் சுக்ரா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பேட்டரி, பூட்டு, சுவர். நாள் எது என்றும் சொன்னாள்.

கெம்பம்மாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. மெஷின் திடீரென்று முழுப் பாரத்தையும் தூக்கி, விசிறி அலறி, அறை சூடேறியது. அவள் ஈரச் சாக்கைச் சன்னலில் கட்டி, ஜெனரேட்டர் நிற்காமல் பார்த்துக்கொண்டு, அன்று முழுக்க ஒற்றையாகச் சமாளித்திருக்கிறாள். சாயங்காலம் கோவிந்தப்பன் வந்து தோளில் தட்டிக் கொடுத்திருக்கிறார்.

"ஒரு டப்பா மைசூர்பாக் குடுத்தாரு," என்றாள். "மெயில் நிக்காம பாத்துக்கிட்டேன்னு. நான், என் பொண்ணு, எல்லாம் தின்னோம்." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள், இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல.

"உனக்கு என்னக்கா தெரியும்," என்றாள் சுக்ரா.

"நாளைக்குக் காலைல சுக்கராக்கா உள்ள போக மாட்டாங்க. நாங்க வெளிய உக்காரப் போறோம்," என்றாள் முனிலட்சுமி. "ஆனா இங்க நீங்க மெசினத் தாங்கிப் பிடிச்சா அங்க நாங்க உக்காந்ததே யாருக்கும் தெரியாது."

கெம்பம்மா முறத்தை மறுபடியும் மடியில் எடுத்து வைத்தாள். வீட்டுக்குள் அவளுடைய மகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. "யோசனை பண்ணணும் கணம்மா," என்றாள். பஸ் வரைக்கும் வந்தாள். பஸ் கிளம்பிய பிறகும் நின்றிருந்தாள்.

*

திங்கட்கிழமை பனி இன்னும் தடித்திருந்தது. சுக்ரா ஷெட்டு வாசல் வரைக்கும் போய், வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். முனிலட்சுமி பகல் ஷிப்டுக்காரி. ஆனாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கங்கப்பன் பூட்டைத் தாழ்ப்பாளில் திறந்தபடி தொங்கவிட்டார். சாவியைக் கேபின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"இனிமே நான் பூட்ட மாட்டேன். அன்னிக்குப் பூட்டின கை இது," என்றார். அவரும் உட்கார்ந்தார்.

கரண்ட் போனது. பேட்டரிகள் கொஞ்ச நேரம் தாங்கின. பிறகு மெஷின் ரூமின் விசிறிச் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. அந்த அறை அத்தனை அமைதியாக இருந்ததை முனிலட்சுமி கேட்டதே இல்லை.

கோவிந்தப்பன் வந்தபோது வெயில் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. காரை விட்டு இறங்கி, மூவரையும் பார்த்து, சிரித்தார். "உக்காருங்க, நல்லா உக்காருங்க. அத்திப்பள்ளி தூக்கிடுச்சு. ஒரு கடுதாசிகூட நிக்கல."

பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த சிலர் கேட்டருகே நின்று பார்த்தார்கள். லால் பாஷாவோடு டீ குடித்தவர்கள். ஒருவன் உள்ளே வந்து சுக்ராவுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். "நம்ம ஷெட்டுலயும் இதே பூட்டுதான்," என்றான், யாரிடம் என்றில்லாமல்.

ஜமீர் கேபினிலிருந்து ஓடிவந்தான். "சார், ஒத்தை மெசின் ராத்திரிக்குத் தாங்கும். அன்னிக்குப் பகல்லயும் எப்படியோ தாங்கிச்சு, ஆனா அப்புறம் கம்பெனிங்க கூடிடுச்சு. இப்ப எல்லாக் கம்பெனியும் ஆபீஸ் தொறந்து ஒரே நேரத்துல டயல் பண்ணுவாங்க. அத்திப்பள்ளி திணறுது. பாரத்தப் பிரிச்சுக் குடுக்கலன்னா ரெண்டும் படுத்துடும்."

"நீயே போய் ஜெனரேட்டரை எடு."

ஜமீர் ஷெட்டைப் பார்த்தான். தொங்கும் பூட்டைப் பார்த்தான். "நான் உள்ள போனா, செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு சார் இருப்பாங்க?" என்றான். அதைச் சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது போல நின்றான்.

கோவிந்தப்பன் காரைத் திருப்பினார். அவர் எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெயில் ஏறியது. கார் திரும்பி வந்தபோது பின் சீட்டில் கெம்பம்மா இருந்தாள்.

அவள் இறங்கினாள். கையில் வயர்கூடை, அதில் டிபன் பாக்ஸ். தலை குனிந்திருந்தது. முனிலட்சுமி அவள் முகத்தைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. சுக்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்க பாப்பம்மா பாத்துக்குவா. இங்க நீ எடு," என்றார் கோவிந்தப்பன். கெம்பம்மா உள்ளே போனாள். அவரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். பூட்டு திறந்தபடியே அதில் தொங்கியது. "யாரும் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது," என்றார்.

ஜெனரேட்டர் எடுக்கிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. உள்ளே டார்ச் வெளிச்சம் கதவிடுக்கில் ஒரு முறை அசைந்தது. பிறகு நின்றது.

முனிலட்சுமி எழுந்தாள். மெஷின் ரூம் கதவருகே ஜமீர் நின்றிருந்தான். சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். உள்ளே இருட்டு. செத்த மெஷின். அந்த ஸ்கேல் அதே இடத்தில் இருந்தது. சுவரருகே போனாள். லால் பாஷா கேட்ட கேள்வி அந்த இருட்டில் அவளுக்கு முன்னாலேயே நின்றிருந்தது. தட்டினாள். கெட்டியாக ஒன்று. மெதுவாக ஒன்று.

பதில் இல்லை.

நெற்றியைச் சுவரில் வைத்தாள். சுண்ணாம்பு குளிர்ந்தது. இதே சுவரில் அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டிய கை எவ்வளவு நேரம் காத்திருந்திருக்கும் என்று நினைத்தாள். மறுபடியும் தட்டினாள்.

பதில் வந்தது. நெஞ்சு உயரத்திலிருந்து அல்ல. கீழே, தரையை ஒட்டி, அந்தக் கடைசி ஜோடிக் குழிகள் இருக்கிற இடத்திலிருந்து. கெட்டியாக ஒன்று. மெதுவாக ஒன்று.

முனிலட்சுமி வெளியே வந்து நேராக ஷெட்டுக்குப் போனாள். கோவிந்தப்பன், "யாரைக் கேட்டு?" என்றார். இந்த முறை அவள் கண் தரைக்குப் போகவில்லை.

"உள்ளருந்து தட்டுறாங்க சார். எங்களுக்கு அது போதும்," என்று சொல்லித் தாழ்ப்பாளை இழுத்தாள். துரு கிரீச்சிட்டது. சுக்ரா வந்து கதவைப் பிடித்துத் திறந்தாள்.

கெம்பம்மா வாசலில் நின்றாள். முழங்காலிலும் விரல் நுனிகளிலும் சுண்ணாம்பு. சுக்ராவைப் பார்த்தாள். அவளுடைய கையைப் பிடித்து ஒரு நொடி வைத்திருந்துவிட்டு விடுவித்தாள்.

"கெம்பம்மா, உன் வேலைய நெனச்சுப் பாரு. உன் பொண்ணை நெனச்சுப் பாரு," என்றார் கோவிந்தப்பன். அவருடைய நிதானம் முதல் முறையாகக் குலைந்திருந்தது. கேபினுக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது.

கெம்பம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். தாழ்ப்பாளில் தொங்கிய பூட்டைக் கழற்றினாள். வயர்கூடையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அதைப் போட்டாள். கோவிந்தப்பனைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, கேட்டைத் தாண்டினாள். சாலையின் எதிர்ப்பக்கம் அத்திப்பள்ளி பஸ் நிற்கிற இடம். அங்கே இன்னொரு ஷெட்டில், இன்னொரு தாழ்ப்பாளுக்குப் பின்னால், பாப்பம்மா தனியாக இருந்தாள். முனிலட்சுமி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பஸ் வந்தது. கெம்பம்மா கூடையை இறுகப் பிடித்தபடி ஏறிப் போனாள்.